காதுக்கு விலை தெரியாது, தெரியுமா?

விலை ஏற ஏற ஒலியின் தரமும் ஏறும் என்றுதானே நினைத்துக்கொண்டிருக்கிறோம்? இல்லவே இல்லை! 2017-இல் ஜெரோன் பிரேபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன், இயர்போன்களின் அளவீடுகளை எடுத்துக்கொண்டார். எந்தக் கருவி எந்தச் சுரத்தை எவ்வளவு சத்தமாகத் தருகிறது என்ற வரைபடங்கள் அவை. அவற்றை ஒவ்வொன்றின் கடை விலையோடும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பார்த்தார். விலைக்கும் வரைபடத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை! அமெரிக்க ஒலியியல் சங்கத்தின் ஆய்விதழில் வந்த அந்தக் கட்டுரையின் தலைப்பே ‘தொடர்பில்லை’ என்றுதான் ஆரம்பிக்கிறது.

அப்படியானால் கூடுதலாகக் கொடுக்கும் பணம் எங்கே போகிறது? உலோகச் சட்டத்துக்கு, தோல் மெத்தைக்கு, வெளிச் சத்தத்தை அடக்கும் நாய்ஸ் கேன்சலிங்குக்கு, மைக்குக்கு, ஆப்புக்கு, கிரிக்கெட் வீரர் சிரிக்கும் விளம்பரத்துக்கு. இதெல்லாம் தண்டம் என்று சொல்லமாட்டேன். தினமும் பஸ்ஸில் இரண்டு மணி நேரம் போய்வருபவருக்கு நாய்ஸ் கேன்சலிங் வரப்பிரசாதம். ஆனால் பாட்டு நன்றாகக் கேட்டால் போதும் என்பவருக்கு 2,000 ரூபாய் தாராளம். சின்ன பட்ஜெட்காரருக்கு இப்படி ஒரு காலம் இதற்கு முன் வாய்த்ததே இல்லை.

கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து பார்ப்போம். முதல் நல்ல ஹெட்போன் ஒரு வீட்டுச் சமையலறையில் பிறந்தது, தெரியுமா? அதைச் செய்தவர் அமெரிக்காவின் யூட்டா மாகாணத்துக்காரர் நதானியேல் பால்ட்வின். 1910-இல் தான் செய்த ஜோடியை ஊதா மையில் எழுதிய ஒரு கடிதத்தோடு அமெரிக்கக் கடற்படைக்கு அனுப்பிவைத்தார். மாட்டிப் பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். அவர்கள் கையில் அதுவரை இருந்த எதுவும் இதன் பக்கத்தில் நிற்கவில்லை. நிறைய வேண்டும் என்று கேட்டால், ஒரு தடவைக்குப் பத்துதான் முடியும் என்று பதில் வந்தது. பட்டறையே அடுப்படிதானே!

அதற்கும் 29 வருஷம் முன்னால், 1881-இல், பாரிஸ் மின்சாரக் கண்காட்சியில் கிளெமென்ட் அடேர் இன்னொரு வித்தை காட்டினார். ஓபரா மேடையில் வரிசையாகத் தொலைபேசி மைக்குகள், கேட்பவருக்கு ஒரு காதுக்கு ஒன்றாக இரண்டு குழல்கள். பாடகர் மேடையில் இடமிருந்து வலம் போனால் காதிலும் இடமிருந்து வலம் போனார்! ஸ்டீரியோ என்பது ரேடியோவுக்கும் மூத்தது. லண்டனில் 1895 முதல் இதே மாதிரி ஒரு சேவைக்கு வருஷச் சந்தா கட்டி, வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து நாடகம் கேட்டார்கள்.

பாட்டுக் கேட்பதற்கென்றே ஹெட்போன் வந்தது 1958-இல், மில்வாக்கி நகரத்தில். ஜான் காஸ் கண்காட்சிக்கு விற்க எடுத்துப்போனது ஒரு கையடக்க ரெக்கார்ட் பிளேயர். ஹெட்போன் அதன் கூடவே வந்த துணைப்பொருள். வந்த கூட்டம் பிளேயரை விட்டுவிட்டு ஹெட்போனைப் பிடித்துக்கொண்டது! அவருடைய காஸ் நிறுவனம் 1984-இல் போர்ட்டா ப்ரோ என்ற மெலிசான மாடலைக் கொண்டுவந்தது. 40 வருஷம் தாண்டியும் அநேகமாக அதே வடிவத்தில் இன்றும் விற்கிறது, அமெரிக்காவில் சுமார் 50 டாலருக்கு. நடுவில் எத்தனை போன் வந்து போயிற்று என்று எண்ணிப் பாருங்கள்.

இனி காதுக்குள் போவோம். அதிசயம் அங்கேதான் ஆரம்பம்.

உங்கள் காதே ஒரு ஈக்வலைசர், தெரியுமா? காதுக் குழாயின் நீளம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர். ஒரு முனை திறந்தது, மறுமுனையில் செவிப்பறை. புல்லாங்குழலுக்கு ஒரு நீளத்துக்கு ஒரு சுரம் என்பது போல இந்தக் குழாய்க்கும் சொந்தச் சுரம் உண்டு, சுமார் 3,000 ஹெர்ட்ஸில். காதுமடலும் சேர்ந்து அந்தப் பகுதியைப் பத்து டெசிபலுக்கு மேல் தூக்கிக் கொடுக்கிறது. மனிதர் பேச்சில் மெய்யெழுத்துகள் தெளிவாவது அந்தச் சுற்றுவட்டாரத்தில்தான். பிறந்ததிலிருந்து இந்தத் தூக்கலோடுதான் உலகத்தைக் கேட்டு வந்திருக்கிறோம். ஆனால் இயர்போனைக் குழாய்க்குள் செருகியதும் என்ன ஆகிறது? காதுமடலுக்கு வேலை போய்விடுகிறது, குழாயின் நீளமும் மாறிவிடுகிறது. காணாமல் போன அந்தத் தூக்கலை இயர்போன் தானே திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் பாடகர் போர்வைக்குள்ளிருந்து பாடுவார், அளவு மீறினால் காதைக் குத்துவார். மலிவான இயர்போன்கள் பெரும்பாலும் கோட்டை விடுவது இந்த இடத்தில். பாஸை, அதாவது தாழ்ந்த சுரங்களை, எந்த இயர்போனும் அடித்துவிடும், குரலைச் சரியாக உட்காரவைப்பதுதான் கை தேர்ந்த வேலை.

எவ்வளவு தூக்க வேண்டும் என்று கண்டுபிடித்தவர்களும் இருக்கிறார்கள். ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவ், டாட் வெல்ட்டி என்ற இருவரும் 2012 தொடங்கிப் பல வருஷம் ஒரே வேலையாக இருந்தார்கள். எந்த பிராண்ட் என்று தெரியாமல் ஆட்களைக் கேட்கவைத்து, எந்த ஒலி பிடிக்கிறது என்று குறித்துக்கொண்டார்கள். அமெரிக்கா, கனடா, ஜெர்மனி, சீனா என்று நாடு மாறியது, வயது மாறியது. ரசனை மட்டும் பெரிதாக மாறவில்லை! எந்தச் சுரத்தை எவ்வளவு தூக்குவது என்று காட்டும் ஒரே வளைகோடு சுமார் 64 சதவீதம் பேருக்குப் பிடித்திருந்தது. மீதிப் பேரில் ஒரு கூட்டத்துக்குப் பாஸ் கொஞ்சம் கூட, இன்னொரு கூட்டத்துக்குக் கொஞ்சம் குறைய. ‘எனக்குப் பிடித்தது எனக்கு, உனக்குப் பிடித்தது உனக்கு’ என்று நாம் சண்டை போடுகிற அளவுக்கு நம் காதுகள் வேறுபட்டவை அல்ல.

இந்த வளைகோடு பூட்டி வைக்கப்படவில்லை, ஆய்வுக் கட்டுரைகளாக வெளியே வந்தது. சீனாவின் செங்டு, ஷென்ஜென் நகரங்களில் இருந்த சின்னச் சின்ன நிறுவனங்கள் அதைக் கப்பென்று பிடித்துக்கொண்டன. சின்ன ஸ்பீக்கர்கள் அங்கே மலிவு, அச்சு வார்ப்பது மலிவு, காது மாதிரி செய்த அளவுக் கருவியும் மலிவாகிவிட்டது. அப்புறம் என்ன? 2022-இல் மூன்டிராப் சூ என்ற இயர்போன் 20 டாலருக்கு வந்தது. அதே விலை வட்டாரத்தில் டாங்சூ வான்அர் வந்தது. டாங் அரசவையில் இருந்த ஒரு பெண் கவிஞரின் பெயர் அது, இயர்போனுக்கு யாராவது இப்படிப் பெயர் வைப்பார்களா! 2023-இல் சிங்கப்பூரைச் சேர்ந்த கிரினக்கிள் என்ற விமர்சகர் செவன்ஹெர்ட்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து ஒலியைச் சரிசெய்த ஜீரோ டூ வந்தது, 25 டாலர். ஆயிரக்கணக்கான டாலர் இயர்போன்களைக் கேட்டு மார்க் போட்ட மனிதர், சாமானியர் வாங்குகிற விலையில் ஒன்றைச் செதுக்கிக் கொடுத்திருக்கிறார். நம்மூர்க் கணக்கில் ரெண்டாயிரம் சொச்சம்.

சரி, கடைக்குப் போகிறோம். டப்பாவைப் பார்த்ததும் மயங்கிவிடாதீர்கள். தங்க நிறத்தில் ‘ஹை-ரெஸ்’ ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதன் விதிப்படி கருவி 40,000 ஹெர்ட்ஸ் வரை போக வேண்டும். மனிதக் காதுக்கு எல்லை 20,000, அதுவும் இளம் வயதில். நாற்பதைத் தாண்டியவர்களில் பலருக்கு 15,000-க்கு மேல் நிசப்தம்தான். வீட்டில் வௌவால் வளர்த்தால் மட்டும் அந்த ஸ்டிக்கருக்குக் காசு கொடுங்கள்! ‘5 முதல் 40,000 ஹெர்ட்ஸ்’ என்று அச்சடித்திருப்பதும் வெற்றுச் சவடால். எத்தனை டெசிபல் ஏற்ற இறக்கத்துக்குள் என்று சொல்லாதவரை அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. ஒரு காதுக்கு ஐந்து டிரைவர் (உள்ளே இருக்கும் சின்ன ஸ்பீக்கர்), பத்து டிரைவர் என்று பீற்றிக்கொள்வதும் அப்படியே. ஒன்றை ஒழுங்காகச் செய்யத் தெரியாதவர் பத்தை வைத்து என்ன செய்வார்? மேலே சொன்ன மூன்று சீன இயர்போன்களும் ஒற்றை டிரைவர் வைத்தவைதான்.

எண்களை விடுங்கள். டப்பாவுக்குள் சின்னப் பாலிதீன் கவரில் கிடக்கும் ரப்பர் மூடிகளைத்தான் முதலில் பாருங்கள். ஒலியை ஆக்குவதும் அழிப்பதும் அவைதான், தெரியுமா? பாஸ் என்பது காதுக்குள் அடைபட்ட துளிக் காற்றை அமுக்கி விடுவதில் பிறக்கிறது. ஓரத்தில் ஒரு மயிரிழை இடைவெளி இருந்தால் போதும், காற்று அதன் வழியே தப்பிவிடும், பாஸும் கூடவே போய்விடும். ‘சப்பையா இருக்கு’ என்று திட்டித் திருப்பிக் கொடுக்கப்படும் இயர்போன்களில் பாதி, தப்பான மூடி போட்டவையாக இருக்கும் என்பது என் சந்தேகம். சின்னது, நடு, பெரியது மூன்றையும் மாற்றிப் பாருங்கள். வலக்காதுக்கு ஒரு அளவும் இடக்காதுக்கு ஒரு அளவும் பொருந்தினால் பயப்பட வேண்டாம், பலருக்கும் இரண்டு காதும் ஒரே அச்சு இல்லை.

போடும் விதமும் இருக்கிறது. வலது காதுக்கு இடது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காதுமடலை மேலும் பின்னும் இழுங்கள். குழாய் நேராகும். அப்போது வலது கையால் இயர்போனை லேசாகத் திருகி உள்ளே விடுங்கள். கொக்கி வடிவ ஒயர் உள்ளவை காதின் மேல் சுற்றிப் பின்பக்கமாக வர வேண்டும். கீழே தொங்கவிட்டுப் போட்டுவிட்டு நிற்கவில்லை என்று புலம்புகிறவர்கள் ஏராளம். சரியாக அடைத்திருக்கிறதா என்று பார்க்க ஒரு பாட்டும் வேண்டாம், வாயை மூடிக்கொண்டு ‘ம்ம்ம்’ என்று முனகுங்கள். குடத்துக்குள் பேசியது போல உங்கள் குரல் தலைக்குள் கும்மென்று கேட்டால் அடைப்பு சரி.

பாட்டு கேட்கிறது, பின்னணி இசை கேட்கிறது, பாடகரை மட்டும் காணோம்! இந்த அனுபவம் உங்களுக்கு இருந்திருக்கும். பேய் வேலை இல்லை. ஒயர் முனையில் இருக்கும் ஜாக்கின் தரை இணைப்பு, அதாவது கிரவுண்ட், தொடவில்லை. அது அறுந்தால் இடது பக்க ஒலிக்கும் வலது பக்க ஒலிக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான் காதுக்கு வரும். பாடகர் குரலை இரண்டு பக்கமும் சமமாக வைத்துத்தான் பதிவு செய்கிறார்கள், ஆகவே ஒன்றை ஒன்று கழித்துக் குரல் காணாமல் போய்விடுகிறது. செலவில்லாத கரோக்கி! ஜாக்கை முழுசாக உள்ளே அழுத்துங்கள். போன் ஓட்டையில் சேர்ந்திருக்கும் பஞ்சை, போனை ஆஃப் செய்துவிட்டு, மரப் பல்குச்சியால் மெல்ல எடுங்கள். பாடகர் திரும்பி வந்துவிடுவார்.

அந்த ஜாக்கின் வயதைக் கேட்டால் வாயைப் பிளப்பீர்கள். அதன் தாத்தாவான பெரிய ஜாக் 19-ஆம் நூற்றாண்டில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளில் லைன் மாற்றிக் கொடுக்கச் செய்தது. இயர்போனே ஒரு மைக் என்பது இன்னொரு வேடிக்கை. பழைய இயர்போனைக் கம்ப்யூட்டரின் மைக் ஓட்டையில் செருகிப் பேசிப் பாருங்கள், மங்கலாகப் பதிவாகும். மின்சாரம் உள்ளே இருக்கும் சவ்வை ஆட்டினால் ஸ்பீக்கர், குரல் சவ்வை ஆட்டினால் மைக்.

எதைப் போட்டுச் சோதிப்பது? கடைக்காரர் போட்டுக் காட்டும் குத்துப்பாட்டில் எல்லா இயர்போனும் நன்றாகத்தான் இருக்கும். ஒரு மிருதங்கத் தனி ஆவர்த்தனத்தைப் போடச் சொல்லுங்கள். ஏன் தெரியுமா? பொதுவாகத் தோல் வாத்தியங்களில் சுரம் சுத்தமாக நிற்காது, கிளைச் சுரங்கள் ஒன்றோடொன்று இழையாமல் வெறும் சத்தமாகிவிடும். மிருதங்கம் அந்த விதியை உடைத்தது. வலந்தலையில் நடுவே இருக்கும் கறுப்பு வட்டம் கிளைச் சுரங்களை ஒழுங்குக்குக் கொண்டுவந்து தந்தி வாத்தியம் மாதிரி இழைய வைக்கிறது. இதை ஆராய்ந்து 1934-இல் கட்டுரை எழுதியவர் சாட்சாத் சர் சி.வி. ராமன்! நல்ல இயர்போனில் வலந்தலையின் ஒவ்வொரு அடியும் சுருதியோடு மணி மணியாக நிற்கும். இடப்பக்கமான தொப்பியில் கும்கி வாசிக்கும்போது சுரம் கீழிருந்து மேலே வழுக்கிக்கொண்டு போவது தெரியும். பாஸை ஊதி வைத்த இயர்போனில் அந்த வழுக்கல் மறைந்து தொம் தொம் என்ற ஒரே இடி மட்டும் மிஞ்சும். அடுத்து ஒரு பெண் குரல். ‘ச’வும் ‘ஸ’வும் வரும் இடத்தில் ஊசி குத்தினால் கழற்றி வைத்துவிடுங்கள். எத்தனை தள்ளுபடி கொடுத்தாலும் வேண்டாம்.

இரண்டை ஒப்பிடும்போது இரண்டின் சத்தத்தையும் சமமாக வையுங்கள். கொஞ்சம் கூடுதல் சத்தமாக இருப்பது எப்போதும் நல்லதாகத் தோன்றும். பெல் ஆய்வகத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே காட்டிவிட்டார்கள்: சத்தம் குறையும்போது நம் காதுக்கு பாஸ் வெகு வேகமாக மங்குகிறது. ஆகவே மெல்லப் பாடும் நல்ல இயர்போன், உரக்கக் கத்தும் சுமாரான இயர்போனிடம் கடையில் தோற்றுப்போகும். விற்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

ஒயர் வேண்டாம், ப்ளூடூத்தான் வேண்டும் என்கிறீர்களா? 1,500 ரூபாய் இயர்பட்ஸில் மூன்று பேட்டரி, இரண்டு ரேடியோ சிப், மைக்குகள், சார்ஜ் பெட்டி எல்லாம் அந்தக் காசிலிருந்துதான் வர வேண்டும். ஒயர் இயர்போனில் அதே காசு முழுக்கச் சவ்வுக்கும் காந்தத்துக்கும் போகிறது. பேட்டரி இரண்டு மூன்று வருஷத்தில் களைத்துவிடும், ஒயருக்குக் களைப்பே கிடையாது. கழற்றி மாட்டும் ஒயர் உள்ளதாகப் பார்த்து வாங்கினால், அறுந்தாலும் ஒயரை மட்டும் மாற்றினால் போதும். ஆனாலும் இயர்பட்ஸை ஒரேயடியாகத் தள்ளவும் முடியாது. அதற்குள் இருக்கும் சிப் ஒலியை மென்பொருளாலேயே திருத்திவிடுகிறது, ஓடுவதற்கும் நடப்பதற்கும் அதுதான் வசதி.

போனில் ஜாக்கே இல்லையா? சி-டைப் கன்வெர்ட்டர் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சிலவற்றுக்குள் ஒலியை மாற்றும் சிப் இருக்கும், சிலவற்றில் வெறும் ஒயர்தான். சிப் இல்லாதது பல போன்களில் வாயே திறக்காது. ‘டாக் உள்ளது’ என்று போட்டிருப்பதைக் கேட்டு வாங்குங்கள், டாக் என்பது அந்தச் சிப்தான்.

ஏற்கெனவே ஒன்று வாங்கி மனம் நொந்திருப்பவர்களுக்கும் வழி இருக்கிறது! யாக்கோ பசனேன் என்ற மென்பொருள்காரர் ஆட்டோ-இக்யூ என்று ஒன்றை உருவாக்கி இலவசமாகக் கொடுத்திருக்கிறார். ஆயிரக்கணக்கான ஹெட்போன் மாடல்களுக்கு, எந்த இடத்தில் எவ்வளவு ஏற்றி இறக்கினால் ஒலி சீராகும் என்ற கணக்கு அதில் இருக்கிறது. ஆண்ட்ராய்டில் வேவ்லெட் ஆப்பைப் போட்டு உங்கள் மாடலைத் தேர்ந்தெடுத்தால் அதுவே பொருத்திக்கொள்ளும். ஒரு பைசா செலவில்லை. அலமாரியில் தூங்கும் பழைய ஹெட்போனுக்கு முதலில் இதைச் செய்துவிட்டு, பிறகு புதுசு வாங்கலாமா என்று யோசியுங்கள்.

ஒரே ஒரு பொருள் மட்டும் எந்தக் கடையிலும் கிடைக்காது: உள்காதின் மயிர் செல்கள். ஒரு காதுக்குச் சுமார் 15,000-தான், போனால் முளைக்காது. 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 90-க்கு ஏற்றினால் எத்தனை மணி நேரம் தெரியுமா? வாரத்துக்கே நான்குதான்! காதை நன்றாக அடைக்கும் இயர்போனில் ஒரு லாபம், வெளிச் சத்தம் குறைவதால் வால்யூமைக் கூட்டத் தோன்றாது. ரோட்டில் நடக்கும்போதும் வண்டி ஓட்டும்போதும் மட்டும் தயவுசெய்து கழற்றிப் பைக்குள் போட்டுவிடுங்கள்.

2,000 ரூபாய் கையில் இருந்தால் என் சிபாரிசு இதுதான்: ஒயர் கழற்றக்கூடிய, காதை அடைக்கும் சின்ன இயர்போன் ஒன்று, போனில் ஜாக் இல்லாவிட்டால் சிப் உள்ள கன்வெர்ட்டர் ஒன்று, மிச்சக் காசுக்கு நல்ல ரப்பர் மூடி ஒரு செட். பெரிய பிராண்ட் பெயரில் நடைபாதையில் பாதி விலைக்கு வருவது அநேகமாக டூப்ளிகேட், கை வைக்காதீர்கள். வாங்கும் இடத்தில் பில் கேளுங்கள், ஒரு பக்கம் சத்தம் நின்றுபோனால் மாற்றிக் கேட்க அது ஒன்றுதான் சாட்சி.